பேஸ் கிற்றார் தந்தி ஒரே இடத்தில் அறுந்துபோகிறதா? அறுந்த துண்டை எறியாதீர்கள்

கோயில் திருவிழா மேடையில் பேஸ் கிற்றாரின் தந்தி அறுந்தால் கீழே பாய் விரித்து இருப்பவர்களுக்கு உடனே விளங்காது. பாடகர் பாடிக்கொண்டே இருப்பார், ட்ரம்ஸ் அடிபடும், கீபோர்ட் போகும். ஆனால் பாட்டின் அடிச்சத்தம் குறைந்துவிடும். வாசிப்பவர் மிச்சமிருக்கும் மூன்று தந்திகளில் சுரத்தைத் தேடித் தடுமாறுவார்.

2011 இல் ஒரே வருடத்தில் எனக்கு இது மூன்று தடவை நடந்தது. மூன்று தடவையும் ஒரே தந்தி, மூன்றாவதான டி. மூன்று தடவையும் ஒரே இடம், கிற்றாரின் உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கிநிற்கும் பிறிட்ஜ்.

முதல் தடவை தந்தி கூடாது என்று நினைத்து வேறு கொம்பனித் தந்தி வாங்கினேன். இரண்டாவது தடவை என் கை பலம் என்று நினைத்து மெதுவாக வாசிக்கப் பழகினேன். மூன்றாவது தடவை, கூட வாசிப்பவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "பிறிட்ஜையே மாத்திவிடு."

அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கிற்றார் என்னுடையதல்ல. எங்கள் இசைக்குழுவில் எனக்கு வாசிக்கப் பழக்கிய அண்ணையுடையது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது அவரும் குடும்பமும் கிளிநொச்சியில் நின்றார்கள். கிற்றார் யாழ்ப்பாணத்தில் அவருடைய மாமியார் வீட்டில் நின்றுவிட்டது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. முகாமிலிருந்து திரும்பி வந்த அக்கா அடுத்த வருடம் என்னைக் கூப்பிட்டுப் பெட்டியோடு தந்தா. "தம்பி, சும்மா கிடந்து பழுதாப் போகுது. நீ கொண்டுபோய் வாசி. ஆனா அவர் பூட்டினது ஒண்டையும் மாத்திப்போடாதை. வந்தா கேப்பார்."

அதனால்தான் நான் பொருளை மாற்றாமல் காரணத்தைத் தேடவேண்டி வந்தது. தேடிப் பெற்றதைக் கீழே எழுதுகிறேன். மேடையிலும் தேவாலயத்திலும் பேஸ் வாசிக்கும் இளையவர்கள் பலர் என்னிடம் இதே கேள்வியோடு வருகிறார்கள். பேஸ் தந்திகள் இங்கே பெரும்பாலும் தனித்தனியாகக் கிடைப்பதில்லை. ஒன்று அறுந்தாலும் நான்கும் சேர்ந்த கட்டைத்தான் வாங்கவேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபின், ஒரு கட்டு வாங்குவது பலருக்கு ஒரு மேடைச் சம்பளம் முழுவதையும் கொடுப்பதாகிவிட்டது.

பேஸ் தந்தி அடிக்கடி அறுவது வழமை அல்ல

சாதாரண கிற்றாரின் மெல்லிய தந்திகள் அறுவது புதினமில்லை. பேஸ் தந்தி அப்படியல்ல. ஒழுங்கான வாத்தியத்தில் அது வருடக்கணக்காக நிற்கும். அமெரிக்காவின் மோட்டவுண் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 ஆம் ஆண்டு பென்டர் பிரிசிஷன் பேஸில் வாசித்தவர். தந்தி மாற்ற விரும்பாதவர் என்று பெயரெடுத்தவர். ஒரு தந்தி எப்போதாவது ஒருமுறை அறுந்தால் அது தந்தியின் குறையாக இருக்கலாம். அதே தந்தி அதே இடத்தில் இரண்டாவது தடவையும் அறுந்தால் வாத்தியத்தைச் சந்தேகியுங்கள்.

அறுவது ஏன் என்பதை விளங்கிக்கொள்ளத் தந்தியின் அமைப்பைத் தெரிந்திருக்க வேண்டும். பேஸ் தந்தியின் நடுவில் ஓர் உருக்குக் கம்பி ஓடுகிறது. அதன்மேல் இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. இழுவை முழுவதையும் தாங்குவது உட்கம்பி. சுற்றுக்கம்பி தந்திக்குப் பாரம் சேர்த்து ஒலியைத் தாழ்த்துகிறது. 34 அங்குல நீளமுள்ள வழமையான பேஸில் ஒவ்வொரு தந்தியும் ஏறக்குறைய 16 முதல் 23 கிலோ வரையான இழுவையில் நிற்கிறது. ஒரு சிறிய சீமெந்துப் பொதியை அந்தக் கம்பியில் தொங்கவிட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் சடில் என்ற சிறிய உலோகத் துண்டின்மேல் ஏறி, அங்கே வளைந்து, பின்பக்கத் துளைக்குள் இறங்குகிறது. வாசிக்கும்போது அந்த வளைவில் தந்தி ஓயாமல் அசைகிறது. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் மாறி மாறி வளைத்தால் எப்படி முறியுமோ, அப்படியே உட்கம்பியும் களைத்து முறிகிறது. வளைவு வழுவழுப்பாக இருந்தால் அதற்கு வருடங்கள் எடுக்கும். அங்கே ஒரு கூர் இருந்தால் கிழமைகள் போதும்.

துண்டு சொல்லும் செய்தி

மூன்றாவது தடவைதான் அறுந்த துண்டை எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கக் குண்டுமுனையிலிருந்து அறுந்த இடம் வரைக்குமான நீளத்தை அளந்து, அதைப் பிறிட்ஜில் வைத்துப் பார்த்தேன். சரியாகச் சடிலின் உச்சியில் வந்து நின்றது. நீங்களும் முதலில் இதையே செய்யுங்கள். அறுந்த இடத்தைப் பொறுத்துக் காரணம் வேறுபடும்.

சடிலின் உச்சியில் அறுந்தால்: சடிலில் கூர், பிசிர், துருக்குழி இருக்கலாம். அல்லது தந்தி இருக்கும் பள்ளம் தந்தியின் பருமனுக்கு ஒடுக்கமாக இருக்கலாம். மெல்லிய கட்டிலிருந்து தடித்த கட்டுக்கு மாறியவர்களுக்கு இரண்டாவது காரணம் அடிக்கடி வரும்.

சடிலுக்கும் பின்பக்கத் துளைக்கும் இடையில் அறுந்தால்: தந்தி எதிலோ உரசுகிறது. சடிலை முன்பின்னாக நகர்த்தும் நீளத் திருகாணி, அதன் ஸ்பிறிங், துளையின் விளிம்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். உரசும் இடத்தில் உலோகம் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும்.

குண்டுமுனைக்குக் கிட்ட அறுந்தால்: ஒருமுறை மட்டும் என்றால் தந்தியின் தயாரிப்புக் குறையாக இருக்கலாம். பலமுறை என்றால் குண்டு துளைக்குள் சரியாகப் போய் இருக்கவில்லை. சில தந்திகளில் குண்டுமுனையை ஒட்டி மேலதிகச் சுற்று ஒன்று தடிப்பாக இருக்கும். அந்தத் தடித்த பகுதி சடிலின்மேல் ஏறி நின்றாலும் தந்தி ஒழுங்காக வளையாமல் அந்த எல்லையில் களைக்கும்.

அடுத்து முறிந்த முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கைத்தொலைபேசிக் கமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும். முனை இழுபட்டு மெலிந்திருந்தால் பெரும்பாலும் தந்தி அளவுக்கு மேல் முறுக்கப்பட்டிருக்கிறது. மெலியாமல் வெட்டியது போல முறிந்திருந்தால் வளைந்து களைத்த முறிவு. மண்ணிறத் தூள் ஒட்டியிருந்தால் துரு. சுற்றுக்கம்பி ஒரு பக்கம் மட்டும் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் கூர் இருக்கிறது.

எனது துண்டில் கடைசி இரண்டும் இருந்தன. கடலுக்குக் கிட்டிய வீட்டில் நான்கு வருடம் பழைய தந்திகளோடு பெட்டிக்குள் கிடந்த வாத்தியம். தந்தி தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் உப்பு ஈரம் தங்கி, டி சடிலில் கடுகளவு துருக்குழி விழுந்திருந்தது. அக்குழியின் விளிம்புதான் கத்தி.

இங்கே பல வீடுகளில் இப்படி விட்டுப்போன, பிறகு திரும்பக் கிடைத்த வாத்தியங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் புதுத் தந்தி பூட்டுவதற்கு முன்னர் சடில்களைப் பாருங்கள்.

பஞ்சுச் சோதனை

கண்ணுக்குத் தெரியாத பிசிரைப் பஞ்சு காட்டிக்கொடுக்கும். தந்தியைத் தளர்த்தி ஒரு பக்கமாக விலக்குங்கள். சிறு பஞ்சுத் துண்டைச் சடிலின் பள்ளத்தில் வைத்து, தந்தி போகும் திசையில் மெதுவாக இழுங்கள். பிசிர் இருந்தால் பஞ்சிழை அதில் மாட்டி நிற்கும். நான்கு சடில்களிலும் செய்து பாருங்கள். பின்பக்கத் துளையின் விளிம்பிலும் செய்யுங்கள்.

சடிலை மினுக்கும் முறை

இதற்குத் தேவையானவை மிக நுண்ணிய சான்ட் பேப்பர் இரண்டு வகை, பழைய தந்தித் துண்டு ஒன்று, ஒட்டும் ரேப், பென்சில். 600 இலக்கமும் 1000 அல்லது 1200 இலக்கமும் ஹாட்வெயார் கடைகளில் வாகனப் பூச்சு வேலைக்கென்று விற்பார்கள்.

1. தொடங்குமுன் பிறிட்ஜைப் படம் எடுத்து வையுங்கள். சடில்கள் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருந்தன என்பது பிறகு தேவைப்படும்.

2. ஒவ்வொரு தந்தியாகத் தளர்த்தி வேலை செய்யுங்கள். இறுக்கமாக இருக்கும் தந்தியை ஒருபோதும் வெட்டவேண்டாம். அது கண்ணில் அடிக்கும்.

3. பிக்கப்புகளை ரேப்பால் மூடுங்கள். அவற்றில் காந்தம் இருக்கிறது. உலோகத் தூள் ஒட்டினால் எடுப்பது கஷ்டம். இதே காரணத்தால் கிற்றாருக்குக் கிட்ட உருக்குக் கம்பளியைப் பாவிக்கவேண்டாம்.

4. அதே பருமனுள்ள பழைய தந்தித் துண்டில் 600 இலக்கத் தாளைச் சுற்றி, பள்ளத்தின் வழியே தந்தி போகும் திசையில் பத்துப் பதினைந்து தடவை இழுங்கள். குறுக்கே தேய்க்கவேண்டாம். பின் பஞ்சால் சோதியுங்கள். பஞ்சு மாட்டாதபோது நுண்ணிய தாளுக்கு மாறி மினுக்குங்கள்.

5. தந்தி பின்பக்கம் இறங்கும் விளிம்பை நன்றாக உருட்டிவிடுங்கள். முன்பக்கத்தை, அதாவது விரல்பலகையை நோக்கிய பக்கத்தை, அளவுக்கு மேல் தேய்க்கவேண்டாம். தந்தி சடிலைவிட்டு ஒரே புள்ளியில் தெளிவாகப் புறப்படவேண்டும். இல்லாவிட்டால் ஒலி மழுங்கும், சிலவேளை வீணைபோல இரையும்.

6. தூளைத் துடைத்து, பள்ளத்தில் பென்சிலால் இரண்டு மூன்று தடவை கீறுங்கள். பென்சிற்கரி உராய்வைக் குறைக்கும். மேற்பூச்சுத் தேய்ந்த உலோகம் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், துணியில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் எடுத்துச் சடிலின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள்.

தந்தி உரசுவதுதான் காரணம் என்றால் தேய்ப்பு வேலை தேவையில்லை. சடிலின் உயரத்தைச் சிறிது கூட்டினாலே பல தடவை உரசல் நின்றுவிடும். ஸ்பிறிங் நீளமாக இருந்து தந்தியைத் தொட்டால் அதில் இரண்டொரு சுற்றை வெட்டலாம். குண்டுமுனையின் தடித்த பகுதி சடிலில் ஏறினால், பழைய தந்தியின் குண்டைக் கழற்றிப் புதுத் தந்தியில் கோத்துவிட்டுப் பூட்டுங்கள். அந்தக் குண்டு இடைவெளியாக நின்று தந்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். தந்தியை உடலின் பின்பக்கத்தால் கோக்கும் கிற்றார்களில் சடிலில் வளைவு செங்குத்தாக இருக்கும். பிறிட்ஜிலும் துளை இருந்தால் அதனூடாகக் கோத்துப் பாருங்கள்.

சடிலை நகர்த்தியிருந்தால் சுருதியைச் சரிபாருங்கள். 12 ஆவது கட்டின்மேல் தந்தியை மெதுவாகத் தொட்டு எழும் மணியொலியும், அதே கட்டில் அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்திய ஒலி கூடினால் சடிலைப் பின்னுக்கும், குறைந்தால் முன்னுக்கும் நகர்த்துங்கள்.

பிறிட்ஜ் முழுவதையும் கழற்றினால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் அடியில் மெல்லிய வயர் ஒன்று வந்து தொட்டுக்கொண்டிருக்கும். அது தந்திகளைக் கிற்றாரின் புவித்தொடுப்போடு இணைப்பது. அது விடுபட்டால் அம்பிளிபயரில் இரைச்சல் வரும். அந்த இணைப்பினால்தான், ஜெனரேட்டர் மேடையில் புவித்தொடுப்பு ஒழுங்கில்லாதபோது தந்தியைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்தால் மின்சாரம் அடிக்கிறது. அப்படி ஒரு சிறு கடி தெரிந்தாலும் வாசிப்பை நிறுத்தி மின்னிணைப்பைத் திருத்தச் சொல்லுங்கள். பாட்டுப் பிறகு பாடலாம்.

வாத்தியத்தில் குறை இல்லாவிட்டால்

பஞ்சு எங்கும் மாட்டவில்லை, உரசலும் இல்லை, ஆனாலும் அறுகிறது என்றால் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, சுருதி. பாடகருக்கு வசதியாக முழுக் கிற்றாரையும் மேலே முறுக்கும் வழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. தந்தியின் இழுவை மீடிறனின் வர்க்கத்தோடு ஏறும். அரைச் சுரம் கூட்டினால் இழுவை 12 வீதம் கூடும். ஒரு முழுச் சுரம் கூட்டினால் 26 வீதம். 20 கிலோவில் நின்ற தந்தி 25 கிலோவைத் தாண்டிவிடும். முறுக்குவதை விட்டு, விரலை மாற்றி வாசிக்கப் பழகுவதே மலிவான வழி. சரியான சுருதிகள்: ஈ 41.2, ஏ 55, டி 73.4, ஜி 98 ஹேர்ட்ஸ். செயலி காட்டும் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு ஸ்தாயி மேலே போனாலும் அது அதே எழுத்தைத்தான் காட்டும்.

இரண்டாவது, கை. மேடையில் தன் சத்தம் தனக்குக் கேட்காதவர் தன்னையறியாமலே பலமாக அடிப்பார், கையும் பிறிட்ஜை நோக்கி நகரும். எங்கள் திறந்தவெளி மேடைகளில் ஒலிபெருக்கிகள் சனத்தைப் பார்த்தே இருப்பதால் இது சாதாரணமாக நடக்கிறது. இதற்கு மருந்து வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கி வைப்பதுதான்.

மூன்றாவது, உப்பு. கடற்கரைக் காற்றும் வியர்வையும் தந்தியை உள்ளிருந்து அரிக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் தந்திகளையும் பிறிட்ஜையும் துடையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பைகளைக் கிற்றார்ப் பெட்டிக்குள் போடுங்கள். நீண்டகாலம் வைப்பதென்றால் பழைய தந்திகளோடு வைக்காதீர்கள். துடைத்து, தளர்த்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பழைய தந்தியைக் கொதிநீரில் அவித்தால் அழுக்குப் போய் ஒலி சிறிது தெளியும். ஆனால் களைத்த உட்கம்பிக்கு அது பலம் கொடுக்காது.

எப்போது மாற்றவேண்டும்

குழி ஆழமாக இருந்தால் மினுக்கிச் சரிசெய்ய முடியாது. தேய்க்கத் தேய்க்கப் பள்ளம் இறங்கி, தந்தி கட்டுகளில் முட்டி இரையத் தொடங்கும். அப்போது அந்தச் சடிலை மட்டும் மாற்றினால் போதும். முழுப் பிறிட்ஜும் தேவையில்லை. பழைய சடிலைக் கையோடு கொண்டுபோய் அகலம், திருகாணித் துளை, தந்திகளுக்கு இடையேயான தூரம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பென்டர் வகைப் பழைய பிறிட்ஜ்களில் சடில் ஒரு சிறு உருளைதான். அளவு கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து எடுக்கலாம்.

எனக்கும் கடைசியில் அதுதான் நடந்தது. ஏ, ஜி சடில்களில் இருந்த பிசிர் மினுக்கியதும் போய்விட்டது. ஈ சடிலில் குறை எதுவும் இருக்கவில்லை. டி சடிலின் குழி போகவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு அக்காவிடம் போய்ச் சொன்னேன். பஞ்சு மாட்டி நின்றதையும் காட்டினேன். அவ சடிலைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தா. "இது ஒண்டுதானே?" என்று கேட்டா. ஒன்றுதான் என்றேன். "அப்ப மாத்து. பழசை எறிஞ்சு போடாதை."

பட்டறையில் பித்தளையில் கடைந்த சடில் இப்போது அந்த இடத்தில் இருக்கிறது. அதன்பிறகு டி தந்தி அறவில்லை. பழைய சடிலைத் துடைத்து எண்ணெய் பூசி, சிறு பொலித்தீன் பையில் போட்டுக் கிற்றார்ப் பெட்டியின் உள்ளறையில் வைத்திருக்கிறேன். தந்தி மாற்றும் நாட்களில் அதையும் எடுத்து, திரும்பத் துருப்பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிறேன்.